வாத்து முட்டையும் நாற்பது வாட் பல்பும்

தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில் என் வீடு. பிசானம் அறுவடை முடிந்ததும் மாசி, பங்குனியில் இந்தப் பக்கத்து வயல்களில் வாத்துக் கூட்டம் இறங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிந்திய நெல், நத்தை, புழு எல்லாம் வாத்துக்கு. எச்சம் வயலுக்கு உரம். ராத்திரி வலை கட்டி அடைத்து வைப்பார்கள். வாத்து விடியற்காலையில் முட்டை இடும். பொழுது நன்றாக விடிவதற்குள் முட்டையைப் பொறுக்கிக் கூடையில் அடுக்கிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இத்தனை வாத்து இருக்கிறதே, ஒன்றாவது அடை படுத்து நான் பார்த்ததில்லையே, குஞ்சு எங்கிருந்து வருகிறது? இலஞ்சியில் ஆச்சி வீட்டுக்குப் போனபோதுதான் விடை கிடைத்தது. வாத்து முட்டையைக் கோழிதான் பொரித்துக் கொடுத்தது.

ஆச்சி பழைய ஓலைக்கூடையில் வைக்கோல் பரப்பி, அதில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு மிளகாய் வத்தல் போடுவாள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், அதற்குக் காவல் இது என்பாள். அதன்மேல் எட்டோ ஒன்பதோ வாத்து முட்டை. வாத்து முட்டை பெரிசு, அதற்குமேல் வைத்தால் கோழியின் சிறகு மூடாது. பக்கத்து வீடுகளில் இருந்தும் வாத்து முட்டை கொண்டுவந்து கொடுப்பார்கள். பொரிக்கிற குஞ்சில் பாதி அவர்களுக்கு, பாதி ஆச்சிக்கு. ஒற்றைப்படையாக வந்தால் அந்த ஒத்தைக் குஞ்சு அடை வைத்தவர்களுக்கு. இதுதான் கணக்கு. சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

கோழி முட்டை 21 நாளில் பொரியும். வாத்து முட்டைக்கு 28 நாள். கூடுதலாக ஒரு வாரம் கோழி பாவம் பட்டினியும் பாதியுமாகப் படுத்திருக்கும். தினமும் ஒரு தடவை எழுந்து போய், இரை பொறுக்கி, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு வரும். அந்த நேரத்தில் ஆச்சி வெதுவெதுப்பான தண்ணீரை முட்டையின்மேல் கையால் தெளிப்பாள். வாத்தாக இருந்தால் குளத்தில் நனைந்த இறகோடு வந்து படுக்குமாம். கோழி நனையாதே, அதனால் நாம் தெளிக்க வேண்டும். கோழி திரும்பிவரத் தாமதமானால் எனக்குப் பதற்றமாக இருக்கும். முட்டை ஆறிவிடும் என்று கூடைமேல் துணியைப் போட்டு மூடப் போவேன். ஆச்சி விடமாட்டாள்.

“ஏல, அது போனாப் போகட்டும். கொஞ்சம் ஆறத்தான் செய்யணும். கோழிக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரப் போகுது?”

அன்றைக்கு அது எனக்கு வெறும் அதட்டல். அதன் அர்த்தம் புரிய ஐம்பது வருஷம் ஆயிற்று. அந்தக் கதைக்குப் போகுமுன் இந்த முட்டை பொரிக்கும் கலையின் பழங்கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

மணிலா வாத்தைத் தவிர நாம் வளர்க்கிற வாத்து எல்லாமே மல்லார்டு என்ற காட்டு வாத்தின் வழிவந்தவை. காட்டில் அது தானே கூடு கட்டி, தன் மார்பு இறகைப் பிய்த்துப் போட்டு, ஒழுங்காக அடைகாக்கும். மனிதன் கையில் வந்த பிறகுதான் அந்தப் பழக்கம் போயிற்று. அடை படுத்த பறவை முட்டை இடாது. முட்டைக்காக வளர்க்கிறவன் அடை படுக்காத வாத்தாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கினான். காக்கி கேம்பல் என்று ஒரு இனம். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ஊலி என்ற கிராமத்தில் திருமதி அடேல் கேம்பல் என்ற அம்மையார் உண்டாக்கியது. வருஷத்துக்கு முந்நூறு முட்டை வரைகூட இடும். ஆனால் பெரும்பாலும் அடை படுக்காது. நாமே அதன் தாய்மையை மறக்கடித்துவிட்டோம். அதனால் அந்த வேலையையும் நாமேதான் செய்தாக வேண்டும்.

மனிதன் அதைச் செய்யத் தொடங்கி ஈராயிரம் வருஷத்துக்குமேல் ஆகிறது. எகிப்தில் முட்டையைச் சாணக் குப்பையில் புதைத்துப் பொரிக்கிறார்கள் என்று கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அதே இடத்தில் இன்னொரு வேடிக்கையும் சொல்கிறார். சைரக்யூஸ் ஊரில் ஒரு குடிகாரர் தன் பாய்க்கு அடியில் முட்டைகளை வைத்து, குஞ்சு பொரிக்கும் வரை விடாமல் குடித்துக்கொண்டே இருந்தாராம். நம் ஊரில் அத்தனை நாள் குடிக்கக்கூடியவர்கள் உண்டு. ஒரே இடத்தில் உட்காருகிறவர்கள்தான் இல்லை.

எகிப்துக்காரர்கள் பிறகு மண்செங்கல்லில் பெரிய பெரிய பொரிப்புச் சூளைகளைக் கட்டினார்கள். நடுவில் ஆள் தவழ்ந்து போக ஒரு நடை. இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக அறைகள். மேல் அறையில் சாணமும் வைக்கோலும் புகைந்துகொண்டிருக்கும், கீழே ஆயிரக்கணக்கில் முட்டை. தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்து மூடிய கண் இமையில் வைத்துப் பார்ப்பார்கள். சூடு அதிகமென்று இமை சொன்னால் மேலே உள்ள திறப்பை விரித்துவிடுவார்கள். அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து வந்த தொழில் அது. மூன்று முட்டை கொடுத்தால் இரண்டு குஞ்சு திருப்பிக் கொடுப்பார்கள் என்று அங்கே போய்வந்த பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ஆச்சியின் பாதிக் கணக்குதான் ஞாபகம் வந்தது.

ஐரோப்பாவில் இதற்கு ஆசைப்பட்டவர்கள் நிறையப் பேர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருந்த கார்னலிஸ் டிரெபல் என்ற டச்சுக்காரர் ஒரு அடுப்புப் பெட்டி செய்தார். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் சாராயம் விரியும், அது பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் ஒரு கம்பியை உயர்த்தும், கம்பி அடுப்புக்குப் போகிற காற்றை அடைக்கும். நெருப்பு தானே தணியும். உலகத்தின் முதல் தெர்மோஸ்டாட்டுகளில் இது ஒன்று என்கிறார்கள்.

பிறகு பிரான்சில் ரோமர் என்ற பெரிய விஞ்ஞானி 1749-ல் குஞ்சு பொரிப்பதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். மக்கிச் சூடேறும் குதிரைச் சாணத்தில் பீப்பாயைப் புதைத்து அதற்குள் முட்டை வைத்தார், ரொட்டிக்காரர்களின் அடுப்புச் சூட்டையும் பயன்படுத்திப் பார்த்தார். தெர்மாமீட்டர் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு அவர் சொன்ன உபாயம்தான் எனக்குப் பிடித்தது: வெண்ணெயையும் மாட்டுக் கொழுப்பையும் சேர்த்து ஒரு குப்பியில் போட்டு முட்டையோடு வையுங்கள், அது உருகுகிற பதத்தைப் பார்த்து சூட்டைக் கணக்கிடுங்கள் என்றார்.

1881-ல் இங்கிலாந்தில் ஹியர்சன் என்பவர் பித்தளைத் தகடு இரண்டை ஒட்டி, நடுவில் சில சொட்டு ஈதர் வைத்து ஒரு வில்லை செய்தார. குறித்த சூடு வந்ததும் ஈதர் ஆவியாகும், வில்லை உப்பும், விளக்கின்மேல் உள்ள மூடியைத் தூக்கிச் சூட்டை வெளியே விட்டுவிடும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அமெரிக்காவில் பெட்டலூமா என்ற ஊரில் லைமன் பைஸ் என்பவரும் தானே சூட்டைச் சரிசெய்துகொள்ளும் பெட்டி செய்தார். அந்த ஊரே கோழிப்பண்ணை ஊராகிவிட்டது.

கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சூடு உண்டாக்குவது யாருக்கும் பெரிய காரியமாக இருந்ததில்லை. சாணம் போதும், சிம்னி விளக்கு போதும். இவர்கள் இத்தனை பேரும் மூளையைக் கசக்கியது சூட்டை நிறுத்துவதற்குத்தான். எகிப்துக்காரரின் இமையும் ஹியர்சனின் ஈதர் வில்லையும் செய்கிற வேலை ஒன்றே. ‘போதும்’ என்று சொல்வது.

வாத்து வளர்ப்பில் கைதேர்ந்த கீழ்த்திசை நாட்டினர் வேறு வழி கண்டார்கள். சீனாவில் நெல்லையோ உமியையோ வறுத்துச் சூடாக்கி, கூடையில் முட்டையும் அதுவுமாக அடுக்குவார்கள். வங்கதேசத்தில் உமி நிரப்பிய பெட்டிக்குள் உருளைகளை நிறுத்தி, முட்டைகளைத் துணியில் பொதிந்து இறக்குவார்கள். சூடேற்ற ஒரு அரிக்கேன் விளக்கு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாதி நாள் தாண்டிய முட்டைக்குள் குஞ்சு வளர்ந்து, அதன் உடம்பே சூடு தரத் தொடங்கிவிடும். அந்த மூத்த முட்டைகளின் நடுவே புது முட்டையை வைத்தால் மூத்தது இளையதைக் காக்கும். உமி சூட்டை வெளியே விடாது. அப்புறம் நெருப்பே அதிகம் வேண்டாம்.

மலைக்கு அந்தப் பக்கம், புளியரை தாண்டி ஆரியங்காவு இறங்கிப் போனால் கேரளம். அங்கே குட்டநாட்டின் சாரா, செம்பல்லி வாத்துகள் பேர் பெற்றவை. மின்சாரப் பொரிப்பகம் வருமுன் அங்கேயும் அடைக்கோழியை நம்பித்தான் வாத்துத் தொழில் நடந்தது. இன்றைக்குச் செங்கன்னூரில் அரசுப் பொரிப்பகமே இருக்கிறது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். வாத்துக்கும் வாத்துக்காரருக்கும் அந்த மலையும் எல்லையும் ஒருநாளும் பெரிய தடையாக இருந்ததில்லை. 2014 கடைசியில் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தாக வாத்து செத்த பிறகுதான் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி அதிகமானது.

நம் பக்கத்துக்கு மின்சாரம் கொடுத்த பாபநாசம் மின் நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கியது. ஆச்சி வீட்டுக்குக் கரண்ட் வந்து வெகுகாலம் ஆகியும் முட்டைக்கும் கரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்தது நான். அதுவும் ஓய்வு பெற்ற பிறகு.

2012-ல் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றேன். மறு வருஷம் பங்குனியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் வாத்து இறங்கியது. வாத்துக்காரத் தம்பியிடம் பேச்சுக் கொடுத்து, பெட்டியில் வைத்துப் பொரிக்க முட்டை கேட்டேன். சிரித்தார். பன்னிரண்டு முட்டை பொறுக்கி எடுத்து, “காசு வேண்டாம் சார். பொரிச்சா பாதி எனக்கு” என்றார். ஆச்சியின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

மீன் கடையில் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கினேன். இரண்டு நாள் வெயிலில் காயவைத்தும் நெத்திலி வாடை போகவில்லை. உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு இரண்டு, ஒரு சின்ன காற்றாடி, தண்ணீர்க் கிண்ணம், முட்டை உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர். திருநெல்வேலியில் வாங்கிய தெர்மோஸ்டாட்டை 37.5 டிகிரியில் வைத்தேன். பழைய கணக்கில் 99.5. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம். தினம் மூன்று தடவை புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பத்து முட்டையில் சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடியது. இரண்டு வெறுமை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதுவரை நெத்திலி வாடையைத் திட்டிக்கொண்டிருந்தவள் ஒவ்வொரு முட்டையாக வாங்கிப் பார்த்தாள். அன்றிலிருந்து மத்தியானப் புரட்டல் அவள் பொறுப்பு.

அந்த வருஷ மின்வெட்டை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பகலில் போய்ப் போய் வந்தது, சமாளித்தோம். இருபத்துநாலாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போனது வரவே இல்லை. பதினொரு மணிக்குப் பெட்டிக்குள் 33 டிகிரி. எனக்குக் கை கால் ஓடவில்லை. இன்னும் நாலே நாள்! வெந்நீர் கொதிக்க வைத்து எவர்சில்வர் தூக்குவாளியில் ஊற்றி மூடி, பெட்டிக்குள் வைத்தேன். மேலே இரண்டு கம்பளி. பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது மூன்று மணி. கம்பளியை விலக்கிப் பார்த்தால் 43 டிகிரி.

அதற்குப் பிறகு முட்டை எதுவும் அசையவில்லை. முப்பதாம் நாள் வரை காத்திருந்து உடைத்துப் பார்த்தேன். பத்தும் முழுக் குஞ்சு. அலகு, நகம், மஞ்சள் ரோமம் எல்லாம் சரியாக இருந்தது. தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். வளர்ந்த முட்டை இரண்டு மூன்று மணி நேரம் ஆறினால் பெரும்பாலும் சாகாது. பொரிப்பது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனால் நாற்பதைத் தாண்டிய சூடு சீக்கிரம் கொன்றுவிடும். இருபத்துநாலு நாள் முட்டைக்குச் சொந்தச் சூடு வேறு உண்டு. சும்மா கம்பளியை மட்டும் போர்த்தியிருந்தாலே பிழைத்திருக்கும். கரண்ட் போனபோது பல்பு மட்டும் அணையவில்லை. ‘போதும்’ என்று சொல்கிற தெர்மோஸ்டாட்டும் அணைந்துவிட்டது. அந்த இடத்தில் நான் இருந்தேன், எனக்குப் போதும் என்று சொல்லத் தெரியவில்லை. டிரெபலும் ரோமரும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை ஆச்சி அன்றே ஒரு வரியில் சொல்லிவிட்டாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

அடுத்த மாசியில் அதே வாத்துக்காரர் வந்தார். “சார், என் பங்கு எங்கே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “கோழியும் சில தடவை கூமுட்டை ஆக்கும் சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி பன்னிரண்டு முட்டை எடுத்துக் கொடுத்தார். வாங்கக் கை கூசியது. வாங்கிக்கொண்டேன்.

இந்தத் தடவை தெர்மாகோல் பெட்டியை ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ரைஸ் மில் உமியை நிரப்பினேன். இரண்டாவது வாரத்தில் இருந்து தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து கால் மணி நேரம் ஆறவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரை ஆச்சி மாதிரியே கையால் தெளித்தேன். ஏழாம் நாள் பார்த்ததில் ஒன்பது முட்டை தேறியது.

இருபத்திரண்டாம் நாள் கரண்ட் போயிற்று. எழுந்து அடுப்படிக்குப் போகக் கால் துடித்தது. போகவில்லை. வீட்டுக்காரி கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிமேல் ஒரு கம்பளியைப் போட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம். கரண்ட் வந்தபோது உள்ளே 34 டிகிரி. என் ஆயுசில் ஒரு வேலையும் செய்யாமல் அவ்வளவு கஷ்டப்பட்டது அன்றைக்குத்தான்.

இருபத்தைந்தாம் நாள் புரட்டுவதை நிறுத்தி, இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். கடைசியில் ஈரம் குறைந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சைக் கட்டிப்போட்டுவிடும். இருபத்தெட்டாம் நாள் சாயங்காலம் ஒரு முட்டையில் விரிசல் கண்டது. உள்ளிருந்து ‘கீச்’ என்று சத்தம். இருபத்தொன்பதாம் நாள் மத்தியானத்துக்குள் ஏழு குஞ்சு வெளியே வந்துவிட்டன. இரண்டு வரவில்லை.

முட்டையை விட்டு வந்ததும் முதலில் யாரைப் பார்க்கிறதோ அவரையே தாயென்று பின்தொடரும் வழக்கத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர் கொன்ராட் லோரன்ஸ். 1973-ல் நோபல் பரிசு வாங்கியவர். மல்லார்டு குஞ்சுகளைத் தன் பின்னால் வரவைக்க அவர் புல்தரையில் குந்தி நடந்துகொண்டே வாத்து மாதிரி கத்த வேண்டியிருந்ததாம். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. குஞ்சுகள் வீட்டுக்காரியின் பின்னால் போய்விட்டன. அவள்தான் புரட்டும்போதெல்லாம் முட்டையோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

வாத்துக்காரருக்கு போன் போட்டேன். அப்போது சுரண்டைப் பக்கம் மேய்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறி வந்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் மூன்றை எடுத்து வைத்தார். இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், போன வருஷக் கடன் இருக்கிறதே என்று. அவர் கேட்கவில்லை.

“ஒத்தைக் குஞ்சு அடை வச்சவங்களுக்கு சார்” என்றார்.

இலஞ்சியில் ஆச்சி சொன்ன அதே கணக்கு.